நங்கூரத்தையும் பார்ப்போம்

ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் வந்துவிட்டால் மொனாக்கோ என்னும் சின்னஞ்சிறு ராஜ்யம் திருவிழாக் கோலம் பூண்டுவிடுகிறது. அந்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர்தான். ஆயினும் அதன் ஹெர்க்யூல் துறைமுகத்தில் சுமார் 120 உல்லாசப் படகுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. 1991-ம் ஆண்டு முதல் நடந்துவரும் படகுக் காட்சி இது. படகு என்பது பேச்சுக்குத்தான். 100 மீட்டருக்கு மேல் நீளமுள்ள மோட்டார்க் கப்பல்களும் அவற்றுள் உண்டு.

பார்க்க வருகிறவர்கள் துறைமேடையில் வைத்திருக்கும் கூடையில் பாதரட்சைகளைப் போட்டுவிட்டே படகில் ஏறுவது வழக்கம். கோயில் வாசல் நினைவுக்கு வருகிறதல்லவா? இங்கே பக்தி தேக்குத் தளத்தின்மீது! உள்ளே நீச்சற்குளம், சினிமா அறை, ஹெலிகாப்டர் இறங்கும் மேடை எல்லாம் இருக்கின்றன. படங்களைப் பார்த்த நமது நண்பர் ஒருவர், "எல்லாம் சரி, இதில் கடலைப் பார்க்க நேரம் ஏது?" என்று கேட்டார்.

நமக்கோ வேறொரு சந்தேகம். விற்க வந்தவர்கள் படகின் வேகத்தை விஸ்தாரமாக வர்ணிக்கிறார்கள். ஆனால் உல்லாசப் படகின் ஆயுளில் பெரும்பகுதி ஓடுவதில் கழிவதில்லை, நிற்பதில்தான் கழிகிறது. நிற்கும்போதும் குளிர்சாதனம், விளக்கு, சமையல், நீச்சற்குளம் ஆகியவற்றுக்கு மின்சாரம் வேண்டும். அதற்காக டீஸல் இயந்திரங்கள் இரவும் பகலும் உறுமுகின்றன. ஓடாத கப்பலும் எண்ணெய் குடிக்கிறது!

2025-ம் ஆண்டுக் காட்சிக்கு வந்த 'பிரேக்த்ரூ' இதற்கு ஒரு பரிகாரம் தேட முயன்றிருக்கிறது. ஹாலந்து தேசத்துப் பீட்ஷிப் நிறுவனம் 2024-ல் நீரில் இறக்கிய இக்கப்பலின் நீளம் ஏறக்குறைய 119 மீட்டர். பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி வரை குளிர்வித்துத் திரவமாக்கிய ஹைட்ரஜன் இதன் தொட்டியில் இருக்கிறது. அது காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேரும்போது மின்சாரம் பிறக்கிறது, எஞ்சுவது தண்ணீர். புகையின்றி, ஓசையின்றி நங்கூரமிட்டு நிற்கலாம். நெடுந்தூர யாத்திரைக்கு மட்டும் பழைய மாதிரி இயந்திரங்களையே நாட வேண்டும். உலகில் இன்று கிடைக்கும் ஹைட்ரஜனில் பெரும்பங்கு இயற்கை வாயுவிலிருந்து எடுக்கப்படுவது என்பதையும் மறப்பதற்கில்லை.

"தனவந்தர்கள் முதலில் பரீட்சித்தால்தானே பிறகு ஏழைகளுக்கும் பயன்படும்?" என்று சிலர் வாதிப்பார்கள். உண்மை நேர்மாறாக இருக்கிறது. நார்வே தேசத்தில் 300 பயணிகளையும் 80 மோட்டார் கார்களையும் ஏற்றிச் செல்லும் 'ஹைட்ரா' என்ற சாதாரணத் துறைக் கப்பல் 2023-லேயே திரவ ஹைட்ரஜனில் ஓடத் தொடங்கிவிட்டது. பொதுஜனங்களின் கப்பல் முந்திக்கொண்டது. உல்லாசக் கப்பல் பின்னால் வந்தது.

இன்னொரு விஷயம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. மத்தியதரைக் கடலின் அடியில் பொஸிடோனியா என்னும் கடற்புல் பசும்படுகையாய் வளர்கிறது. மீன் குஞ்சுகளுக்கு அதுவே தொட்டில். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மாத்திரமே அது படர்கிறது. பெரிய படகின் நங்கூரமும் சங்கிலியும் ஒரே பகலில் உழுதுவிட்ட இடம் மறுபடி பசுமையாக எத்தனையோ தலைமுறை ஆகலாம். ஆகையினால்தான் பிரெஞ்சு அதிகாரிகள் 24 மீட்டருக்கு மேற்பட்ட படகுகள் இப்புல் வளரும் பல இடங்களில் நங்கூரமிடுவதை 2020 முதல் தடுத்துவருகிறார்கள்.

பணம் படைத்தவர்கள் படகு வாங்குவதில் நமக்குப் பொறாமை இல்லை. அவர்கள் வாங்கியது படகை, கடலை அல்ல. தேக்குத் தளம் அழுக்காகாமலிருக்கப் பாதரட்சையைக் கழற்றச் சொல்கிறவர்கள், கடலின் தளத்துக்கும் அந்த மரியாதையில் பாதியாவது காட்டினால் போதும். அடுத்த காட்சியில் புதுப் படகைப் பார்க்கிறவர்கள் மேல்தட்டைப் பார்த்து வியந்தபின் நங்கூரத்தையும் ஒருமுறை பார்க்கட்டும்.