கமக்காரனின் தாகமும் சிறுநீரகங்களும்

குளத்து நீரைப் பங்கிடும் முறையைக் கமக்காரன் நன்கறிவான். துருசு எப்பொழுது திறக்கப்பட வேண்டும், வயலுக்கு எவ்வளவு நீர் பாய வேண்டும் என்பவற்றை அவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால், தன் உடம்பினுள்ளே இரவும் பகலும் நீரை அளந்து பங்கிடும் இரண்டு உறுப்புக்களைப் பற்றி அவன் சிந்திப்பது அரிது. தாகத்தை அடக்கிக்கொண்டு வெய்யிலில் உழைப்பதை ஆண்மையெனக் கருதும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அவ்வழக்கம் கைவிடப்படல் வேண்டும். விதைநெல்லும் பசளையும் செலவுக் கணக்கில் இடம்பெறுவது போலவே குடிநீரும் நிழலும் இடம்பெறல் வேண்டும்.

சிறுநீரகங்கள் முள்ளந்தண்டின் இருமருங்கிலும், விலா எலும்புகளின் கீழ்ப்பாகத்தை அடுத்து அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் மூடிய கையளவினது. நிறை ஏறத்தாழ 150 கிராம். ஆயினும், இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இவற்றினூடாகச் செல்கின்றது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. இவை சிறுநீரகத்திகள் எனப்படும். குருதியின் அமுக்கத்தினால் நீரும், உப்புக்களும், வெல்லமும், யூரியா முதலிய கழிவுகளும் மெல்லிய குழாய்களுக்குள் வடிகின்றன. குருதிக் கலங்களும் புரதமும் குருதியிலேயே தங்கிவிடுகின்றன. இவ்வாறு வடியும் நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றராகும். சிறுநீராக வெளியேறுவதோ ஒன்று அல்லது இரண்டு லீற்றர் மாத்திரமே. எஞ்சிய நீரையும் உடம்புக்கு வேண்டிய உப்புக்களையும் அக்குழாய்கள் மீண்டும் குருதியிற் சேர்க்கின்றன.

வியர்வையால் உடம்பின் நீர் குறையுமிடத்து, மூளையின் அடியிலுள்ள சுரப்பி ஓர் ஓமோனை வெளிவிடும். அதன் கட்டளைப்படி சிறுநீரகங்கள் கூடுதலான நீரை மீட்டுக்கொள்ளும். சிறுநீர் குறைந்து கடும் மஞ்சள் நிறமாகும். இது ஆபத்துக் காலத்துக்குரிய ஏற்பாடு, நாள்தோறும் நாடுவதற்குரியதன்று. நீரிழப்பு மிகுந்தால் சிறுநீரகங்களுக்குச் செல்லும் குருதியே குறைந்து, அவற்றின் கலங்கள் ஊறுபடும். அந்நிலையில் உடல்வலிக்கென வைத்தியரைக் கேளாமல் விழுங்கும் மாத்திரைகள் சில அக்குருதியோட்டத்தை மேலும் குறைக்கின்றன.

1990களிலிருந்து வட மத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவியா முதலிய இடங்களில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயொன்று காணப்பட்டு வருகின்றது. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத கமக்காரர் பலர் இதற்கு இரையாயினர். கிணற்று நீரின் வன்மை, புளோரைட்டு, பீடைநாசினிகள், பார உலோகங்கள், வெப்பம் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. வெப்பம் ஒன்றே காரணமெனக் கூறுதல் பொருந்தாது. வெப்பம் மிக்க எல்லாப் பகுதிகளிலும் இந்நோய் ஒரே அளவிற் காணப்படவில்லை.

காரணம் முடிவாகும்வரை செய்யத்தக்கது யாதுமில்லை எனச் சிலர் கூறுவர். இது தவறான வாதம். மத்திய அமெரிக்காவின் கரும்புத் தொழிலாளரிடையேயும் இதையொத்த நோய் பரவியுள்ளது. நிக்கராகுவாவின் கரும்புத் தோட்டமொன்றில் நீரும், ஓய்வும், நிழலும் கூட்டி வழங்கப்பட்டபின், கரும்பு வெட்டுவோரிடையே சிறுநீரகப் பாதிப்புக் குறைந்ததை ஆய்வாளர் கண்டனர். பயிரில் நோய் கண்டவிடத்து, அதன் பெயர் தெரியும்வரை கமக்காரன் கைகட்டி நிற்பதில்லை. தன் உடம்பு விடயத்திலும் அவன் அவ்வாறு நிற்றல் ஆகாது.

ஆகவே, வயலுக்குச் செல்வோர் சுத்திகரித்த நீரை உடன் கொண்டுசென்று, தாகம் எடுக்குமுன் சிறிது சிறிதாகக் குடித்தல் நன்று. சிறுநீர் இளமஞ்சள் நிறமாயிருப்பது போதிய நீர் அருந்தியமைக்கு அடையாளம். நண்பகல் வெய்யிலில் நிழலில் இளைப்பாறல் சோம்பலன்று. மலசலகூடம் அருகில் இல்லையென்று நீரருந்தாதிருக்கும் பெண்களின் இடரை நிலச் சொந்தக்காரர் உணர்ந்து ஆவன செய்தல் வேண்டும். பீடைநாசினி தெளிப்போர் கையுறையும் முகமூடியும் அணிதல் அவசியம். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மாத்திரம் நீரின் அளவை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

இந்நோய் தொடக்கத்தில் வலியோ வீக்கமோ காட்டாது. அறிகுறி தோன்றும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி பழுதுற்றிருக்கும். ஆதலால், நோய் பரவியுள்ள பகுதிகளில் வாழ்வோர் குருதியின் கிரியற்றினின் அளவைக் காலந்தோறும் பரிசோதிப்பித்தல் வேண்டும். உடைந்த அணையை மீளக் கட்டலாம். நாட்பட்ட நோயால் அழிந்த சிறுநீரகத்திகள் மீண்டும் தோன்றுவதில்லை.