அதே சுரங்கம்தானே என்கிறவர்களுக்கு

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதினால் இரண்டே சங்கதிதான். 27 கிலோமீட்டர் சுரங்கம். 2012-ல் அறிவித்த ‘கடவுள் துகள்’. அங்கே இப்போது கதிரின் அடர்த்தியைக் கூட்டும் வேலை நடக்கிறது. உடனே ஒரு வார இதழ் கேட்கிறது: “சுரங்கம் அதே, வேகமும் அதே. பிறகு எதற்கு இத்தனை பணம்?” எழுதியவர் கணக்கே போட்டுப் பார்க்கவில்லை என்பது என் கட்சி.

ஹிக்ஸ் துகள் சுமார் நூறு கோடி மோதலுக்கு ஒன்றுதான் பிறக்கும். வேகம் மட்டும் போதுமா? மோத ஆள் வேண்டாமா? பிரெஞ்சில் இந்தக் கதிருக்கு ‘ஃபெஸோ’ என்று பெயர்; கட்டு என்று பொருள். நம் ‘கற்றை’யும் அதுவே. ஒரு கொத்துக்கு 11,500 கோடி புரோட்டான் என்பது பழைய திட்டம். புதியது 22,000 கோடி. எதிரெதிரே வரும் இரண்டு கொத்தும் இரட்டித்தால் மோதல் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகும்.

அப்படியானால் அள்ளிப் போடவேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் வம்பு. புரோட்டான்கள் எல்லாம் நேர் மின்னூட்டம் கொண்டவை. நெருக்கினால் ஒன்றையொன்று தள்ளும். ஒளிவேகத்தை நெருங்கியபின் அவற்றின் சொந்தக் காந்தவிசை அந்தத் தள்ளலை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். மெதுவாகப் போகும் ஆரம்பத்தில்தான் தொல்லை அதிகம். கோப்புக் கட்டுகளோடு காலம் தள்ளியவனுக்கு இது புதிதல்ல. நெரிசல் எப்போதும் வாசலில்தான்.

அதனால் வாசலை மாற்றினார்கள். 1978 முதல் உழைத்த லினாக்-2 ஓய்வு பெற்றது. 2020-ல் லினாக்-4 பொறுப்பேற்றது. நூறு மீட்டருக்கும் குறைவான நீளம். முன்பு 50 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் அடுத்த வளையத்துக்குள் நுழைந்தவை இப்போது 160-ல் நுழைகின்றன. அந்த ஒரு மாற்றத்தாலேயே வளையம் இரட்டிப்புக் கூட்டத்தைத் தாங்கும்.

இன்னொரு தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. புரோட்டானை அப்படியே அனுப்பினால், ஏற்கெனவே நிரம்பிய இடத்தில் மேலும் திணிக்க முடியாது, பக்கத்தில்தான் வைக்கலாம். ஆகவே ஓர் எலக்ட்ரான் கூடுதலாக உள்ள ஹைட்ரஜனை அனுப்புகிறார்கள். வளையத்தின் வாயிலில் மெல்லிய கார்பன் தகடு அதன் இரண்டு எலக்ட்ரான்களையும் உரித்துவிடும். மிஞ்சும் புரோட்டான், சுற்றிக்கொண்டிருக்கும் கூட்டத்தின் மேலேயே போய்ச் சேரும்.

செலவு உண்டு, மறுக்கவில்லை. இத்தனை அடர்ந்த கதிர் தடம் புரண்டால் இயந்திரத்தையே துளைத்துவிடும். அதைத் தடுக்கும் தாடைகள் வேண்டும். மோதும் இடத்தில் கதிரை இன்னும் குறுக்க நயோபியம்-தகரக் காந்தங்கள் வேண்டும். ஆனால் கதிர் சுற்றப் புதுச் சுரங்கம் தோண்டவில்லையே! இதைவிட மலிவாக இத்தனை மோதலைத் தரும் வழி தெரிந்தால் அந்த இதழ் எழுதட்டும், சந்தா கட்டிப் படிக்கிறேன்.