கண்டக்டர் பையும் சில்க் போர்டு மழையும்

ஒரு பை வாங்குறதுக்கு இத்தனை யோசனையான்னு தங்கமணி கேட்டாச்சு. நீங்களும் கேக்கறதுக்கு முன்னாடி விஷயத்தைச் சொல்லிடறேன்.

வீடு பொம்மனஹள்ளி, ஆணி புடுங்குற இடம் கோரமங்களா. நடுவுல சில்க் போர்டு. பெங்களூர்ல இருக்கறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. தினமும் ஸ்கூட்டர்தான். தோள்ல குறுக்கா ஒரு பை. அதுல லேப்டாப், சாப்பாட்டு டப்பா, தண்ணி பாட்டில், குடை (ஸ்கூட்டர்ல போறவனுக்கு எதுக்குக் குடைன்னு கேக்காதீங்க, பழக்கம்).

2022 செப்டம்பர் ஞாபகம் இருக்கா? வெளிவட்டச் சாலை ஏரியாகி, ஐடி மக்கள் டிராக்டர்ல ஏறி ஆபீஸ் போனாங்களே, அந்த மாசம். அன்னிக்கு என் பையில கூடுதலா ஒண்ணு இருந்தது. அப்பாவோட பற்று வரவு நோட்டு. திண்டுக்கல்ல மளிகைக்கடை வச்சிருந்தார். கடை போய், அவரும் போய், மிஞ்சினது அந்த 1987ஆம் வருஷத்து நோட்டு ஒண்ணுதான். பேனா மையில குண்டு குண்டா எழுத்து. யார் எத்தனை படி அரிசி கடன், யார் எப்போ திருப்பினது, யாருக்கு எழுதாம விட்டது எல்லாம் அதுல தெரியும். நான் பி.காம். படிச்சுக் கத்துக்கிட்ட கணக்கை விட அதுல கத்துக்கிட்டது ஜாஸ்தி. பைண்டிங் பண்ணலாம்னு எடுத்துட்டுப் போனேன், வேலையில மறந்து திருப்பி எடுத்துட்டு வந்தேன். சில்க் போர்டுல பிடிச்ச மழை முக்கால் மணி நேரம். வீட்டுக்கு வந்து திறந்தா பாதிப் பக்கம் நீலக்குளம்.

பையில 'நீர் தாங்கும்'னு அட்டை தொங்கித்தான் இருந்தது. கம்பெனி பேர் வேண்டாம். தப்பு பாதி என்னுது. நீர் தாங்கும்கறது வேற, நீர் புகாதுங்கறது வேறன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. துணிக்கு உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும், அது தண்ணியை நிறுத்தும். ஆனா தையல் போட்ட ஒவ்வொரு ஊசித்துளையும் ஒரு ஓட்டைதானே? ஜிப் பல்லு வழியாவும் இறங்கும். அந்தப் பூச்சும் சில வருஷத்துல பிசுபிசுன்னு ஆகி, தோல் உரியற மாதிரி உரிஞ்சு வரும். பழைய பையோட உள்பக்கத்தைத் தடவிப் பாருங்க, தெரியும்.

அதனால என் கட்சி இதுதான்: மழை ஊர்ல வண்டி ஓட்டுறவனுக்கு மேல ஜிப் வச்ச பை லாயக்கில்லை. வாயை முழுசா மூடி முன்பக்கம் இறங்குற பெரிய மூடி வேணும். நம்ம ஊர் கண்டக்டர் பை, தபால்காரர் பை எல்லாம் அப்படித்தானே இருந்தது? (ஜோல்னா பை தனி ஜாதி. கவிதை நனைஞ்சா இன்னொண்ணு எழுதிக்கலாம்.) அமெரிக்காக்காரனும் அங்கேருந்துதான் ஆரம்பிச்சிருக்கான். 1950கள்ல நியூயார்க்ல கம்பம் ஏறி ஒயர் இழுக்கற ஆளுங்களுக்குத் தச்ச கேன்வாஸ் பையை, பின்னாடி சைக்கிள்ல தபால் பட்டுவாடா பண்றவங்க எடுத்துக்கிட்டாங்க. 1989ல சான் பிரான்சிஸ்கோவுல டிம்பக்டூ கம்பெனியைத் தொடங்கினவரே சைக்கிள் தபால்காரர்தான். ஓட்டுறவன் தச்ச பைக்கும் மேஜையில உக்காந்து வரைஞ்ச பைக்கும் வித்தியாசம் இருக்கு.

முக்கியமா ஒரு விஷயம். சிக்னல்ல திடீர்னு பிரேக் அடிச்சா தோள்பை சரிஞ்சு முன்னாடி வரும். எனக்கு ஒரு தடவை ஹேண்டில்ல வார் மாட்டி வண்டி சாஞ்சு, பின்னாடி வந்த வால்வோ பஸ் டிரைவர் புண்ணியத்துல இந்தப் பதிவை எழுதிட்டிருக்கேன். பை ஆடாம இருக்க அக்குள் அடியில மாட்டுற மூணாவது சின்ன வார் ஒண்ணு உண்டு. அது இல்லாத மெசஞ்சர் பை பஸ்ல போறவங்களுக்கு. வண்டிக்கு வேண்டாம். அதே மாதிரி நாலஞ்சு கிலோவுக்கு மேல தினமும் சுமக்கணும்னா ரெண்டு தோள்லயும் மாட்டுற பைதான் சரி, என் இடது தோள் சாட்சி.

துணிக் கணக்கு: டெனியர்னு போட்டிருப்பாங்க. 9,000 மீட்டர் நூலோட எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 1,000 டெனியர்னா ஒம்பது கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ. உரசலுக்கு நைலான் உசத்தி, வெயில்ல சாயம் வெளுக்காம இருக்க பாலியஸ்டர் பரவாயில்லை. ஆனா நான் பார்த்த வரை பை கிழியறது துணியில இல்லை, வார் சேருற இடத்துல. அங்க கட்டத்துக்குள்ள பெருக்கல் குறி போட்ட மாதிரி தையல் இருக்கணும். பையை உள்பக்கமா திருப்பிப் பாருங்க, ஓரத்துல நாடா வச்சுத் தைக்காம நூல் பிசிறு தெரிஞ்சா கீழ வச்சிட்டு வந்துடுங்க. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

விலை? எழுநூறு ரூபாய் பை வருஷத்துக்கு ஒண்ணு வாங்குறவன் ஏழு வருஷத்துல 4,900 கொடுக்கறான். மூவாயிரத்து ஐநூறு ரூபாய் பை ஏழு வருஷம் உழைச்சா வருஷத்துக்கு ஐநூறு. பரீட்சையில நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறைன்னு தேய்மானம் போட்டோம். பை ரெண்டுலயும் சேராது. வார் பிய்யற நாள் வரைக்கும் முழு மதிப்பு, அன்னிக்கு சாயந்திரம் பூஜ்யம்.

கடைசியில நான் கடையில வாங்கலை. ஸுரிக்ல ஃப்ரைடாக்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் 1993லேருந்து பழைய லாரி தார்ப்பாயில பை தைக்கறாங்க. வார் பழைய கார் சீட் பெல்ட், ஓரத்துக்கு சைக்கிள் ட்யூப். விலையைக் கேட்டா நம்ம மாச வாடகை ஞாபகம் வரும். தார்ப்பாய்க்கும் சீட் பெல்ட்டுக்கும் ஜே.சி. ரோட்டுல பஞ்சமா? சீட் கவர் தைக்கற பாய் ஒருத்தர்கிட்ட பேப்பர்ல வரைஞ்சு காட்டினேன். "என்னா சார், கேஸ் டெலிவரிக்கா?"ன்னார். விளக்கினதும் அவரே, "மூடியை நாலு விரல் நீட்டி வெக்கறேன், காத்துல தூக்காது"ன்னு சொல்லி ரெண்டு பக்கமும் காது மாதிரி மடிப்பு வச்சுத் தச்சுக் கொடுத்தார். கூலியோட 1,200 ரூபாய். ரெண்டு மழைக்காலம் பார்த்தாச்சு, உள்ள ஒரு சொட்டு இல்லை. எடைதான் கொஞ்சம் ஜாஸ்தி, வெயில்ல தார்ப்பாய் வாசனையும் அடிக்கும். காலேஜ் வாசல்ல பொண்ணை இறக்கி விடும்போது பையைக் கழட்டி ஸ்கூட்டர்ல கால் வைக்கற இடத்துல வச்சிடணும்கறது வீட்டு உத்தரவு.

நோட்டுல தெளிவா இருக்கற பக்கங்களை ஸ்கேன் எடுத்துட்டேன். மை கலைஞ்ச பக்கத்தை என்ன செய்யறதுன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.