செவ்வாயில் 'கதவு': ஃபார்வேர்டு பண்றதுக்கு முன்னாடி ஒரிஜினலைத் தேடுங்க!

2022 மே மாதம் பலரோட டைம்லைனில் ஒரே படம்தான். செவ்வாய் கிரகத்தின் பாறையில், யாரோ செதுக்கி வைத்தது போல ஒரு வாசல். 'ஏலியன் வீடு' என்று கேப்ஷன் வேறு! படம் போலி இல்லை. நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் எடுத்ததுதான். ஆனால், அந்த 'வாசலின்' உயரம் சுமார் 30 செ.மீ. அதாவது, நம்ம ஸ்கூல் ஸ்கேல் அளவு. பாறையில் இயல்பாக விழுந்த விரிசல், அவ்வளவுதான்.

படம் உண்மை, சொன்ன கதைதான் பொய். சுற்றியிருந்த பாறைகளை வெட்டிவிட்டு ஷேர் செய்ததால், அளவு தெரியாமல் போனது. ஒரிஜினலைப் பார்த்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

எங்கே தேடுவது?

ரோவர் படங்கள்: கியூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ் இரண்டுக்கும் நாசா தளத்தில் 'ரா இமேஜஸ்' பக்கம் இருக்கிறது. கேமராவையும் 'சோல்' எண்ணையும் கொடுத்தால் போதும். சோல் என்பது செவ்வாயின் ஒரு நாள். சுமார் 24 மணி 39 நிமிடம். ரோவர் தரையிறங்கியதிலிருந்து எண்ணுவார்கள். 'கதவு' படத்துக்கு: சோல் 3466, மாஸ்ட்கேம். அன்று எடுத்த பக்கத்துப் படங்களும் வரிசையாக வரும்.

மேலிருந்து எடுத்தவை: 2006 முதல் செவ்வாயைச் சுற்றும் எம்ஆர்ஓ விண்கலத்தின் ஹைரைஸ் கேமரா, மேஜை அளவுப் பொருளைக்கூடக் காட்டும். அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஹைரைஸ் தளத்தில் இந்தப் படங்கள் இலவசம். எந்த இடத்தைப் படமெடுக்கலாம் என்று அங்கே 'ஹைவிஷ்' மூலம் நீங்களே பரிந்துரைக்கலாம். ஒரு எச்சரிக்கை: இதில் தெரியும் பளிச் நீலம், கண்ணுக்குத் தெரியும் நிறம் அல்ல, வேறுபாடு புரிவதற்காகக் கூட்டிக் காட்டியது.

நம்ம மங்கள்யான்: இஸ்ரோவின் ஐஎஸ்எஸ்டிசி தளத்தில் பதிவு செய்து தரவுகளைப் பெறலாம்.

'இதெல்லாம் விஞ்ஞானிகளுக்குத்தானே?' என்று நினைக்க வேண்டாம். 2019-ல் நிலவில் நொறுங்கிய விக்ரம் லேண்டரின் சிதறலைக் கண்டுபிடிக்க உதவியது, சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். நாசா பொதுவில் வெளியிட்ட படங்களை, பழைய படங்களோடு பொறுமையாக ஒப்பிட்டார். அவ்வளவுதான்.

பொறுப்பு வாசகருக்கு மட்டும் இல்லை. செவ்வாய் படம் போடும்போது எந்தக் கேமரா, எந்த சோல் என்று கேப்ஷனிலேயே சொல்வதை, எங்களைப் போன்ற செய்தித் தளங்களும் வழக்கமாக்க வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் யாரும் ஐந்தே நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். அது இல்லாத படம் உங்க குரூப்புக்கு வந்தால், ஃபார்வேர்டு பட்டனைத் தொடாதீங்க. 'சோல் நம்பர் என்ன?' என்று கேளுங்க.