வண்டி ஓட்டவா, மூடி வைக்கவா?



2018-ல் ராயல் என்ஃபீல்டு கம்பெனி 'கிளாசிக் 500 பெகாசஸ்' என்ற வண்டியைச் செய்தது. உலகத்துக்கே 1000 வண்டிதான். நம்ம நாட்டுக்கு 250. அத்தனையும் 178 விநாடியில் தீர்ந்துபோச்சு. (நம்ம காலைப் பிரேயர் அதைவிட நீளம்!) ஒவ்வொரு டேங்கிலும் தனி நம்பர் உண்டு. இந்த மாதிரி வண்டியை வாங்கி ஓட்டாம மூடி வச்சா, பின்னாடி பவுன் மாதிரி விலை ஏறும் என்று எங்க மாமா சொல்கிறார்.

எனக்கு அது சரியாப் படலை. பவுன் பெட்டியில் சும்மா கிடந்தாலும் பவுன்தான். அவசரத்துக்கு அடகு வைக்கலாம். வண்டி நின்னே கிடந்தா பேட்டரி இறங்கிடும், பெட்ரோல் கெட்டுப்போகும், டயர் ஒரே பக்கம் அமுங்கும், ரப்பர் எல்லாம் காய்ந்து வெடிக்கும். விலை ஏறினாலும் அந்த விலைக்கு வாங்க ஆள் வரணுமே! யமஹா ஆர்.எக்ஸ். 100 நம்பர் போட்டு எண்ணி விற்ற வண்டி இல்லை. 1996-ல் நின்றுபோனது. அதை இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஓட்டினவங்க ஆசைதான் காரணம்.

பெகாசஸே, இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் இறக்கிய 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்ற சின்ன வண்டியின் நினைவாக வந்ததுதான். வானத்திலிருந்து இறங்கி ஓடிய வண்டியின் வாரிசு ஷெட்டில் தூங்கலாமா?

எங்க தெருவில் ராத்திரி யாருக்காவது உடம்பு முடியலைன்னா, பைக் இருக்கிற வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. "இது விற்கிறதுக்கு வச்சிருக்கு, எடுக்க மாட்டேன்" என்று எந்த முகத்தோடு சொல்வது? 108-ஐக் கூப்பிடலாமே என்றார் மாமா. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் 108-ஐயா கூப்பிடுவாங்க?

உங்க கருத்தை அடுத்த தாளில் எழுதுங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி