தாயின் உயிரும் நம் தயக்கமும்

நிறைமாதத்துப் பெண்ணொருத்தி இடுப்பு வலி கண்டு துடிக்கும் வேளையில், அவளை எப்போது மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது, யாரிடம் காட்டுவது, அறுவை தேவையெனில் இசைவதா மறுப்பதா என்பனவற்றையெல்லாம் முடிவு செய்ய வேண்டியவர் யார்? நம் வீடுகள் பலவற்றில் இன்றும் கிடைக்கும் விடை இதுதான்: கணவர், அவர் வெளியூரில் இருந்தால் மாமனார், அவரும் இல்லையெனில் மாமியார், அதற்கும் மேலே குடும்பத்து மூத்தவர். வலிப்பவளின் பெயர் அந்த வரிசையின் கடைசியிலும் இராது. பழக்கத்தினால் இவ்வாறு நடந்துகொள்வோரைத் திருத்திவிடலாம். ஆனால் இதனை மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்துவோர் உளர். அவர்களோடு வழக்காடவே இக்கட்டுரை.

வேலூரின் பெயரை உலகமெங்கும் கொண்டு சென்ற மருத்துவமனையின் வரலாற்றை நம் வட்டாரத்தில் பெருமையோடு சொல்லாதவர் இல்லை. அந்த வரலாற்றின் முதல் ஏட்டில் நமக்கும் ஒரு பங்கு இருப்பதைத்தான் நாம் சொல்வதில்லை.

1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் படித்தவர். நோயுற்றிருந்த தம் தாயைக் கவனிக்க 1890இல் திண்டிவனம் வந்து சேர்ந்தார். தந்தை ஜான் ஸ்கடர் அங்கே மருத்துவப் பணி ஆற்றிக்கொண்டிருந்தார். அந்நாள்களில் ஓர் இரவு, ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆண்கள் அவ்வீட்டு வாசலில் வந்து நின்றனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் இன்னொரு சாதியைச் சேர்ந்த இந்து. மூவர் வீட்டிலும் மனைவியர் பிரசவ வலியில் போராடிக்கொண்டிருந்தனர். மூவரும் ஐடாவைத்தான் அழைத்தனர். தமக்கு மருத்துவம் தெரியாது, தம் தந்தையோ தேர்ந்த மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்று அவர் மன்றாடினார். அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடலாகாது என்று மூவரும் திரும்பிவிட்டனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அந்த முஸ்லிம் கணவரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர் கொடியவராகவும் இருந்திருக்க முடியாது. மனைவி எப்படியானால் என்ன என்று எண்ணியவர் நள்ளிரவில் மருத்துவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க மாட்டார். நாம் அஞ்ச வேண்டியதும் இதனையே. அன்பு அவரிடம் இருந்தது. மருத்துவமும் கூப்பிடு தூரத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே வழக்கம் வந்து நின்றது. ஓர் உயிர் போயிற்று.

அந்த இரவுக்கு ஐடா ஸ்கடர் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்குத் திரும்பினார். 1902இல் பெண்களுக்கான மருத்துவமனையை எழுப்பினார். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நின்று நோயாளிகளைப் பார்த்தார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் கல்லூரியாக உயர்ந்த அந்தப் பள்ளியில் ஆண்கள் படிக்க இடம் கிடைத்தது 1947இல்தான். இந்தியப் பெண்ணுக்கு இந்தியப் பெண்ணே மருத்துவம் பார்க்க வேண்டும் என்பதில் அவர் அவ்வளவு உறுதியாக இருந்தார். மாற்றுச் சமயத்துப் பெண்மணி ஒருவர் நம் வீட்டுச் சாவுக்குக் கணக்குத் தீர்த்தார். நாம் என்ன தீர்த்தோம்?

இனி மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுவனவற்றைப் பார்ப்போம்.

பெண்ணுக்கு ஆண் மருத்துவர் ஆகாது என்பது முதலாவது வாதம். பெண் மருத்துவரைத் தேடுவது நல்லதே. அதை யாரும் குறை சொல்லவில்லை. அவர் கிடைக்காதபோது என்ன செய்வது என்பதே வினா. நிர்ப்பந்தம் தடையை நீக்கும் என்பது ஃபிக்ஹுக் கலையின் அரிச்சுவடி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலேயே போர்க்களங்களில் காயமுற்ற ஆண்களுக்குப் பெண்கள் மருந்திட்டனர். ருஃபைதா (ரலி) அவர்களின் மருத்துவக் கூடாரம் பள்ளிவாசலிலேயே இருந்தது. 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும் இதனை ஆராய்ந்து வரிசைப்படுத்தியது: முதலில் முஸ்லிம் பெண் மருத்துவர், அடுத்து முஸ்லிமல்லாத பெண் மருத்துவர், அடுத்து முஸ்லிம் ஆண் மருத்துவர், அவரும் இல்லையெனில் முஸ்லிமல்லாத ஆண் மருத்துவர். அந்த வரிசையில் எவ்விடத்திலும் மருத்துவமின்றி விட்டுவிடு என்ற சொல் இல்லை. கதவை மூடியவர்கள் நாம். பழியை மட்டும் மார்க்கத்தின்மேல் போடுகிறோம்.

இரண்டாவது வாதம் இன்னும் கொடியது. பிரசவத்தில் இறப்பவள் ஷஹீது ஆயிற்றே, அவளுக்குச் சுவனம் உறுதியாயிற்றே என்று ஆறுதல் கூறிக் கணக்கை மூடிவிடுவர். நபிமொழி உண்மை, ஐயமில்லை. அதே நபிமொழி, தீயில் கருகி இறப்பவரையும், நீரில் மூழ்கி இறப்பவரையும், இடிபாட்டில் சிக்கி இறப்பவரையும் ஷஹீதுகள் என்றுதான் அறிவிக்கிறது. அதற்காகப் பக்கத்து வீடு பற்றி எரியும்போது தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்போமா? ஷஹீதின் பதவி இறந்தவளுக்கு இறைவன் அளிக்கும் கொடை. காலம் கடத்தியவர்களுக்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது.

மூன்றாவதாக, நம் பாட்டிமார் மருத்துவச்சியை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பத்துப் பிள்ளை பெற்றார்களே என்பர். பெற்றார்கள். பெற்றவர்களின் பேரர்கள் இருந்து கதை சொல்கிறார்கள். பெறும்போதே மடிந்தவர்களின் கதையைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நம் கபரஸ்தான்களில் தாயும் சேயுமாக அடங்கியவர்களைக் கணக்கிட்டுவிட்டு இந்த வாதத்தைத் தொடங்கட்டும். கைதேர்ந்த மருத்துவச்சியர் இருந்தனர். அவர்களை இகழ்வது நன்றிகெட்ட செயல். ஆனால் குழந்தை பிறந்தபின் அடங்காமல் பெருகும் இரத்தம் நல்ல உடல்நலமுள்ள பெண்ணையும் இரண்டு மணி நேரத்தில் கொன்றுவிட வல்லது. அப்போது வேண்டியது ஊசி மருந்தும், ஏற்றுவதற்கு இரத்தமும், அறுவைக் கூடமும். கைப்பக்குவம் மட்டும் அங்கே போதாது.

மருத்துவமனை சொல்வதெல்லாம் வேதவாக்கா என்று கேட்போருக்கும் விடை கூற வேண்டும். இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 அறுவைப் பிரசவங்கள். தனியார் மருத்துவமனைகளில் அது 60க்கும் மேல். இவை அத்தனையும் உயிர்காக்கச் செய்யப்பட்டவை என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. ஏன், எதற்கு என்று கேட்கும் உரிமை தாய்க்கு உண்டு, கேட்கத்தான் வேண்டும். தேவையற்ற அறுவையைத் தடுப்பதற்கும், தேவையான அறுவைக்குக் கையெழுத்திட மாமனார் வரட்டும் என்று காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிய வேண்டும்.

தாய்மார் சாவதற்குக் காரணமான தாமதங்களை 1994இல் தாடியஸ், மெய்ன் என்னும் இரு ஆய்வாளர் மூன்றாக வகுத்தனர்: முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் மருத்துவம் கிடைப்பதில் தாமதம். இரண்டாவதைக் குறைக்க 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஊர்தி ஓடுகிறது. நம் ஊர்களையொட்டித் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. மூன்றாவதைக் குறைக்க அரசு மருத்துவமனைகள் உள்ளன. வேலூர் அடுக்கம்பாறையில் 2005 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. 2018–20 கணக்கின்படி இந்தியாவில் ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 என்ற அளவுக்கு அது குறைந்திருந்தது என்றால், இவ்வேற்பாடுகளும் அதற்குக் காரணம். முதல் தாமதத்துக்கு மட்டும் எந்த அரசும் ஊர்தி விட முடியாது. அது நம் கூடத்திலே, நம் நாற்காலியிலே உட்கார்ந்திருக்கிறது.

சட்டத்தைக் கேட்டாலும் இதே தீர்ப்புத்தான். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்த, சுயநினைவு பெறக்கூடிய ஒரு பெண்ணின் உடலில் செய்யும் சிகிச்சைக்கு அவளே இசைவு தர வேண்டும் என்றது. அவளுடைய தாய் தந்த இசைவையே செல்லாது என்று ஒதுக்கியது. பெற்ற தாயின் இசைவே செல்லாத இடத்தில் மாமனாரின் இசைவுக்கு ஏது மதிப்பு?

திருமறையின் மர்யம் அத்தியாயத்தை நாம் ஓதுகிறோம்; அதில் வரும் பிரசவ வலியை எண்ணிப் பார்த்தோமா? துணைக்கு ஒருவருமின்றிப் பேரீச்ச மரத்தடியில் வலியால் துவண்ட அப்பெருமாட்டி, இதற்கு முன்பே தாம் இறந்திருக்கக் கூடாதா என்று கதறினார். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கவலற்க என்று தேற்றினான்; காலடியில் நீரோடையைக் காட்டினான்; உண்ணக் கனிந்த பழங்களை உதிரச் செய்தான். வலியில் கத்துபவளை வாயை மூடு என்று அதட்டும் மாமியாரும், அதையே செய்யும் மருத்துவமனைத் தாதியும் இந்த வசனங்களைச் சற்றே நினைத்துப் பார்க்கட்டும். தாய் விரும்பும் துணை ஒருவர் பிரசவத்தின்போது அருகிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. ஆறுதலும் நீரும் உணவும் பேறுகாலத்தின் தேவைகள் என்பதைத் திருமறையை ஓதும் நமக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆண்களின் கடமை என்ன என்று கேட்போர் ஹளரத் உமர் (ரலி) அவர்களின் வரலாற்றைப் படிக்கட்டும். மதீனாவின் புறத்தே ஒரு கூடாரத்தில் வழிப்போக்கர் ஒருவரின் மனைவி பிரசவ வலியில் துடிப்பதை இரவு நகர்வலத்தில் அறிந்த கலீஃபா, வீட்டுக்கு விரைந்து தம் மனைவி உம்மு குல்சூம் (ரலி) அவர்களைப் பேறு பார்க்க அழைத்து வந்தார். மாவையும் நெய்யையும் தாமே சுமந்தார். உள்ளே அம்மையார் பேறு பார்க்க, வெளியே பேரரசர் அடுப்பூதி உணவு சமைத்தார். ஏன் வந்தாய், யாரைக் கேட்டாய் என்ற விசாரணை அங்கே நடக்கவில்லை.

தோல் தொழிலால் செழித்த நம் வட்டாரத்துக்குத் தனிக் கடமையும் உண்டு. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி, 1965இல் மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி, 1969இல் ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி என்று கல்விக்கு வாரி வழங்கிய சமுதாயம் இது. பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் நாம், மருத்துவம் படிக்க விரும்பும் மகளை, மாப்பிள்ளை கிடைக்க மாட்டார் என்று பள்ளிப் படிப்போடு நிறுத்துவது எந்த நியாயம்? 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் இருக்கிறது. எல்லாரும் தம் மகளை மறித்துவிட்டு, பிறர் மகள் தம் மருமகளுக்குப் பேறு பார்க்க வர வேண்டும் என்கிறோம்.

ஆலை முதலாளிகளையும் கேட்கிறோம். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தந்த ஊதிய விடுப்பு 2017இல் முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. காலணித் தொழிற்சாலைகளில் அணி அணியாக வேலை செய்யும் பெண்களுக்கு அது முழுமையாகச் சென்று சேர்கிறதா என்பதை அவரவர் ஆலைக் கணக்கிலே தேடிப் பார்க்கட்டும். ஆம்பூர் வட்டாரத்தில் காலணியின் மேற்பாகத்தை வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பெண்களுக்கோ விடுப்பென்ற சொல்லே இல்லை. தைத்தால் கூலி, தைக்காத நாளில் பட்டினி. நிறைமாதத்திலும் குனிந்து ஊசி பிடிப்பவளின் உழைப்பில் நம் ஏற்றுமதி இலாபம் இருக்கிறது. அவள் பேறுகாலத்துக்கு அந்த இலாபத்தில் பங்கில்லையா?

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று மேற்சொன்ன ஆய்வு கூறுகிறது. ஆண் பிள்ளை பிறந்தால் ஏழாம் நாள் இரண்டு ஆடு அறுத்து அகீகா விருந்து வைக்கிறோம். சுன்னத்தை நிறைவேற்றுவது சிறப்பே. அந்தப் பிள்ளையைச் சுமந்த பத்து மாதத்தில் தாய்க்கு ஈரலும் கீரையும் பேரீச்சம்பழமும் வேளைக்குக் கிடைத்தனவா? எல்லாரும் உண்டபின் சட்டியில் ஒட்டியது அவளுக்கு என்ற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு விருந்துக்கு ஊரழைப்பதில் என்ன பெருமை?

எனவே மஹல்லா ஜமாஅத்துகள் சில செயல்களை உடனே மேற்கொள்ளலாம். நிக்காஹ் பதிவின்போதே, பேறுகால மருத்துவத்தில் மனைவியின் சொல்லே முதற்சொல் என்பதை மணமகனுக்கு இமாம் எடுத்துரைக்கட்டும். பைத்துல்மாலில் பேறுகால உதவிக்கென ஒரு பகுதி ஒதுக்கப்படட்டும். இரத்தக் கொடைக்கு இசைந்த இளைஞர் பட்டியல் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் இருக்கட்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு வழங்கும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவிக்குப் பதிவு செய்ய, படிக்கத் தெரியாத பெண்களுக்குப் படித்த பெண்கள் துணை போகட்டும். வீட்டில் தைக்கும் பெண்களுக்குப் பேறுகால உதவி தர ஆலை உரிமையாளர்கள் கூடிப் பொதுநிதி ஒன்று அமைக்கட்டும்.

தாயின் காலடியில் சுவனம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்தக் கால்கள் பிரசவ மேசையில் நடுங்கும் நேரத்தில் நாம் வாசலில் நின்று ஆலோசித்துக் கொண்டிருந்தால், முழக்கத்துக்கு மறுமையில் நம்மிடம் கணக்குக் கேட்கப்படும். அல்லாஹ் நம் தாய்மாரைக் காப்பானாக. அவர்களைக் காக்கும் அறிவையும் துணிவையும் நமக்குத் தந்தருள்வானாக.