நேரம் கொடுங்கள், திறமை வளரும்



ஆண்டுக்கு ஒருமுறை ஊழியர்களை ஓட்டல் அரங்கில் உட்காரவைத்து, காலையிலிருந்து மாலைவரை திரையில் காட்டிப் பேசி, சான்றிதழ் கொடுத்து, குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவதைத்தான் பல நிறுவனங்கள் பயிற்சி என்கின்றன. சில வாரம் போனால் அங்கே கேட்டதில் பெரும்பகுதி மறந்துபோகிறது. உடனே ஒரு பேச்சு வரும்: "எத்தனை தடவை சொன்னாலும் இவங்க மண்டையில ஏறாது." உழைக்கும் மனிதரை இதைவிடப் புண்படுத்தும் சொல் வேறில்லை. அது உண்மையும் அல்ல.

ஏன் என்று விளக்க லண்டன் டாக்சி ஓட்டுநர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட வேண்டுமானால் 'தி நாலெட்ஜ்' என்ற தேர்வில் தேற வேண்டும். 1865இல் தொடங்கிய முறை இது. நகரின் நடுவிலுள்ள சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் வட்டத்துக்குள் இருக்கும் ஏறத்தாழ 25,000 தெருக்களும், முக்கியமான கட்டடங்களும் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். மொபெட்டில் தெருத்தெருவாகச் சுற்றிப் பார்ப்பார்கள். மாலையில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள மற்றவர் வழியை ஒப்பிப்பார். தேர்வாளர் முன்னால் தனியாளாக உட்கார்ந்தும் பதில் சொல்ல வேண்டும். "இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு எப்படிப் போவாய்?" என்று அவர் கேட்டால், வரைபடம் பார்க்காமல் ஒவ்வொரு திருப்பமாகச் சொல்ல வேண்டும். இந்தச் சந்திப்பு முதலில் 56 நாள் இடைவெளியில் நடக்கும். தேறத் தேற அது 28 நாளாகும், பிறகு 21 நாளாகும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் நரம்பியல் ஆய்வாளர் எலினார் மக்வயர் இவர்களுடைய மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார். இடங்களையும் வழிகளையும் நினைவில் வைக்க உதவும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி இவர்களுக்குப் பெரிதாக இருந்ததை 2000இல் அறிவித்தார். பிறவியிலேயே அப்படி இருந்தவர்கள்தான் இந்த வேலைக்கு வந்தார்களோ என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் 2011இல் கிடைத்தது. பயிற்சியில் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலும், அவர்களில் பெரும்பாலோரைச் சில ஆண்டுகள் கழித்தும் அவரும் சக ஆய்வாளர் கேத்தரின் வூலட்டும் ஆராய்ந்தார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் 39 பேர். தொடக்கத்தில் எல்லோருடைய மூளையும் ஒன்றுபோலவே இருந்தது. முடிவில், தேறியவர்களுக்கு மட்டுமே அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. அவர்கள் வாரந்தோறும் பயிற்சிக்குச் செலவிட்ட நேரம், தேறாதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்லர். வளர்ந்த மனிதர்கள். வீட்டுப் பொறுப்புகளுக்கு நடுவே படித்தவர்கள். அவர்களுக்கே மூளை வளைந்து கொடுத்தது என்றால், "நாற்பது வயசுக்கு மேல எனக்கு எங்கே வரப்போகுது" என்று நம்மில் யாரும் சோர்ந்துபோகத் தேவையில்லை.

அந்தப் பயிற்சியில் மூன்று நல்ல குணங்கள் இருக்கின்றன. இடைவெளி விட்டு விட்டு நடக்கிறது. நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வைக்கிறது. பக்கத்தில் ஒரு துணை இருக்கிறார். நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதன் பலத்தை உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் சோதித்துக் காட்டினார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து முந்தி நின்றவர்கள், படித்ததை மூடிவைத்து நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்களே.

குறுக்குவழி தேடுபவர்களுக்கும் ஒரு சொல். மூளைக்கான கணினி விளையாட்டுகளை ஆறு வாரம் ஆடிய 11,430 பேரின் ஆய்வு 2010இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. ஆடிய விளையாட்டில் அவர்கள் தேறினார்கள். அந்தத் தேர்ச்சி மற்றத் திறமைகளுக்குப் பரவவில்லை. இத்தகைய விளையாட்டுகளை விற்கும் லுமோசிட்டி நிறுவனம், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில் 2016இல் 20 லட்சம் டாலர் செலுத்தச் சம்மதித்தது. செய்யும் வேலையை ஒட்டிய பயிற்சிதான் அந்த வேலைக்கு உதவும்.

நிறுவனம் நடத்தும் நண்பர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். பயிற்சிக்குப் பணம் ஒதுக்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். வேலை நேரத்துக்குள்ளேயே நேரம் ஒதுக்குங்கள். ஷிப்ட் முடிந்து, பஸ் பிடிக்க ஓட வேண்டிய நேரத்தில் உட்காரவைத்தால் எதுவும் மனத்தில் நிற்காது. ஒரே நாளில் கொட்டுவதை வாரம் அரைமணியாகப் பிரித்துக் கொடுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் அனுபவசாலி ஒருவரை உட்காரவையுங்கள். அப்படிச் சொல்லிக்கொடுப்பவரின் அன்றாட வேலையைக் கொஞ்சம் குறையுங்கள். ஊழியர் சந்தேகம் கேட்டு வந்தால் உடனே விடை சொல்லாமல், "நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க? ஏன்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அவரை யோசிக்க வைக்கும், தம் யோசனைக்கு மதிப்பு இருக்கிறது என்ற தெம்பையும் தரும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தேர்ச்சி பெற்ற அந்த லண்டன் ஓட்டுநர்கள், சிக்கலான கோட்டு உருவம் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் கழித்து வரையும் சோதனையில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். ஒன்றைப் பெற மூளை வேறொன்றை விட்டுக்கொடுக்கக்கூடும். ஆகவே புது மென்பொருள், புது விதிமுறை, புதுப் பொறுப்பு என்று அடுக்கும்போது பழைய சுமையில் எதை இறக்கிவைக்கலாம் என்றும் சேர்த்தே யோசியுங்கள்.

வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளே, இன்று கற்றதை நாளைக் காலை ஒரு தாளில் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். அடுத்த வாரம் உடன் வேலை செய்பவருக்குச் சொல்லிக்கொடுங்கள். மறந்துபோனால் வெட்கப்படாமல் மறுபடி கேளுங்கள். நிதானமாகச் சொல்லித்தரும் அதிகாரி உங்களுக்கு வாய்த்திருந்தால், அவர் எப்படிச் சொல்லித்தருகிறார் என்று எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் கடிதங்களை வரும் இதழ்களில் வெளியிடுவோம். பத்து அலுவலகங்கள் அதைப் படித்துப் பின்பற்றினாலும் எத்தனையோ பேருக்கு நன்மை.

அன்புடன்,
ஆசிரியர்